ஒதுங்கிடம் அறிதல்
மலைச்சாலைகளில் வீட்டு ஊர்திப் பயணத்தைத் திட்டமிடுவது குறித்த உரை



விழா மேடையில் மலைச்சாலையைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் பிரித்தானியாவில் வாழ்கின்றனர். கோடையில் பெற்றோர் அங்குச் செல்கின்றனர். சில நாள் விடுமுறை கிடைத்ததும் குடும்பம் முழுவதும் ஒன்றாகப் புறப்பட்டு ஸ்காட்லாந்தின் மலைநாட்டைக் காண விரும்புகின்றது. அப்போது அவர்கள் முன் வரும் வாய்ப்புகளுள் ஒன்று ‘மோட்டார் ஹோம்’ எனப்படும் வீட்டு ஊர்தி. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை ஆகிய அனைத்தும் ஒரே வண்டிக்குள் அமைந்திருக்கும். திரைப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் கேரவனைத் தமிழ்நாட்டார் அறிவர், அதுபோன்றதே இதுவும். பிரித்தானியாவில் கேரவன் என்னும் சொல் காரின் பின்னே இழுத்துச் செல்லப்படும் சக்கர வீட்டைக் குறிக்கும். தானே இயந்திரம் கொண்டு ஓடுவது மோட்டார் ஹோம். தம் கையால் சமைத்த சைவ உணவையே உண்ண விரும்பும் குடும்பத்தார்க்கு இதனினும் ஏற்ற வசதி அரிது.

ஆயினும் வசதி நிறைந்த இவ்வூர்தி, ஒடுங்கிய மலைச்சாலையில் பிறருக்குப் பெருந்தடையாகவும் மாறக்கூடும். ஆதலின் பயணத் திட்டம் வகுப்போர் முதலிற் கேட்க வேண்டிய வினா, “இந்தச் சாலையில் இவ்வூர்தி செல்லுமா?” என்பதோடு முடிவதில்லை. “இவ்வூர்தி செல்லும்போது யார் நிற்க நேரும்? எவ்வளவு நேரம் நிற்க நேரும்?” என்னும் வினாவும் உடன் வர வேண்டும். இவ்விரண்டாம் வினாவிற்கு விடை காணும் முறையே இவ்வுரையின் பொருள்.

வடகரைப் பெருவழி

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் இன்வெர்னஸ் நகரக் கோட்டையில் தொடங்கி, மேற்குக் கடற்கரை, வடகடற்கரை, கிழக்குக் கடற்கரை எனச் சுற்றி மீண்டும் இன்வெர்னஸ் வந்து சேரும் வழிக்கு ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயர். 2015ஆம் ஆண்டில் சுற்றுலாவிற்காக இப்பெயர் சூட்டப்பட்டது. சாலைகளோ அதற்கு நெடுங்காலம் முன்னரே அமைந்தவை. மொத்தத் தொலைவு 516 மைல், அதாவது ஏறத்தாழ 830 கிலோமீட்டர். கிழக்குக் கரையில் சாலை பெரும்பாலும் இரு வழித் தடமாகவே உள்ளது. மேற்கிலும் வடக்கிலும் நெடுந்தொலைவு ஒற்றைத் தடச் சாலையாகும். அங்கே இரண்டு வண்டிகள் அருகருகே செல்ல இடமில்லை; சிறு சிறு இடைவெளிகளில் சாலையோரம் சற்றே அகன்று ஓர் ஒதுங்கிடம் அமைந்திருக்கும். ‘பாஸிங் பிளேஸ்’ என்னும் பலகை அதனை அடையாளம் காட்டும்.

இவ்வழியில் திட்டமிடுவோர் அறிவிற்குச் சோதனையாக நிற்பது ஆப்பிள்கிராஸ் என்னும் கடலோரச் சிற்றூர். அவ்வூருக்கு இரு வழிகள் உண்டு. டோர்னப்ரெஸ் என்னுமிடத்தில் பெருவழியை விட்டுப் பிரிந்து, பியாலக் ந பா என்னும் கணவாயைக் கடந்து செல்வது முதல் வழி. 1822இல் அமைக்கப்பட்ட இச்சாலையின் பெயர் கேலிக் மொழியில் கால்நடைகளின் கணவாய் எனப் பொருள்படும். பண்டு ஆயர்கள் தம் மந்தைகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற வழி அது. கடல் மட்டத்தின் அருகே தொடங்கி 626 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றது. சில இடங்களில் ஏற்றம் ஐந்துக்கு ஒன்று என்னும் அளவை எட்டுகின்றது. அதாவது ஐந்து மீட்டர் முன்செல்லும்போது ஒரு மீட்டர் உயர்கின்றது. உச்சியை நெருங்குமிடத்தில் கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே எச்சரிக்கைப் பலகை நிற்கின்றது. ஓட்டப் பழகுவோர்க்கும், மிகப் பெரிய வண்டிகளுக்கும், கேரவன்களுக்கும் இச்சாலை ஏற்றதன்று என அது அறிவுறுத்துகின்றது.

இரண்டாம் வழி, வடக்கே ஷீல்டேக் என்னும் ஊர் வரை சென்று, அங்கிருந்து கடற்கரையை ஒட்டிச் சுற்றி ஆப்பிள்கிராஸை அடைவது. டோர்னப்ரெஸிலிருந்து கணவாய் வழியாக ஏறத்தாழ 18 கிலோமீட்டர். கரையோரமாகச் சுற்றினால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வரைபடத்தில் தொலைவை மட்டும் காண்பவர் கணவாயையே தேர்வார். சரிவையும் வளைவையும் வண்டியின் நீளத்தையும் சேர்த்துக் காண்பவர் கரையோர வழியையே தேர்வார். கரையோரச் சாலையும் ஒற்றைத் தடமே. மேடு பள்ளங்களும் உண்டு. எனினும் கணவாயைப் போன்ற கொடிய ஏற்றமும் அடுக்கு வளைவுகளும் அங்கில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறத்தல் ஆகாது. 1970களில் கரையோரச் சாலை நிறைவுறும் வரை, ஆப்பிள்கிராஸ் மக்களுக்குக் கணவாயே தரைவழிச் சாலையாக இருந்தது. பனிக்காலத்தில் கணவாய் மூடப்பட்டால் ஊர் தனித்து நின்றது. இன்றும் அம்மக்களுக்கு உள்ளவை இவ்விரு வழிகள் மட்டுமே. மலைநாட்டின் பெரிய மருத்துவமனையான ரேக்மோர், இன்வெர்னஸ் நகரில் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கொண்டை ஊசி வளைவில் இரண்டு வீட்டு ஊர்திகள் எதிரெதிரே சிக்கி, பின்னோக்கிச் செலுத்த இருவரும் அஞ்சி நின்றால், அவற்றின் பின்னே நிற்பவை சுற்றுலா வண்டிகளாக மட்டும் இரா. மருத்துவரும் செவிலியரும், அஞ்சல் வண்டியும், மீன் ஏற்றிய வண்டியும், நோயாளியோடு விரையும் ஆம்புலன்சும் அங்கே நிற்க நேரும். பயணியர்க்கு அது ஒரு மணி நேர அலுப்பு. அவ்வூரார்க்கோ அது உயிர்ப் பொருளாகவும் கூடும்.

ஊர்தியை அளத்தல்

திட்டத்தின் முதற்படி வரைபடம் அன்று, ஊர்தியின் அளவே. உயரம், அகலம், நீளம், எடை ஆகிய நான்கையும் தாளில் எழுதி ஓட்டுநரின் கண் முன்னே ஒட்டிவைத்தல் வேண்டும். பிரித்தானியாவில் பாலங்களின் உயரமும் சாலையின் அகலமும் அடி, அங்குலக் கணக்கில் குறிக்கப்படுவதால், மீட்டரோடு அடிக்கணக்கையும் உடன் எழுதுதல் நன்று. அகலத்தை அளக்கும்போது பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தே அளக்க வேண்டும். உடற்பகுதி 2.3 மீட்டர் அகலமுள்ள ஊர்தி, கண்ணாடிகளோடு சேரும்போது மேலும் பெருகும். ஒற்றைத் தடச் சாலையின் அகலமோ பல இடங்களில் மூன்று மீட்டர் அளவே.

நீளத்தால் வரும் இடர் வளைவில் வெளிப்படும். முன் சக்கரங்கள் சென்ற தடத்திலேயே பின் சக்கரங்கள் செல்வதில்லை. அவை வளைவின் உட்புறமாக ஒதுங்கிச் செல்லும். பின் சக்கரத்திற்கும் அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதியோ வளைவின் வெளிப்புறமாக வீசும். ஆகவே உட்புறத்தில் வடிகால் பள்ளமும், வெளிப்புறத்தில் பாறையும் உள்ள வளைவில் ஏழு மீட்டர் ஊர்தியைத் திருப்புதல் காரைத் திருப்புதல் போன்றதாகாது.

எடையைப் பற்றிய கணக்கு பலரும் தவறவிடுவது. பிரித்தானியாவிற்கு வருகை தரும் இந்திய உரிமத்தார், கார் ஓட்டும் உரிமையைக் கொண்டு 3,500 கிலோ வரையுள்ள ஊர்தியைப் பன்னிரண்டு மாதங்கள் வரை அங்கு ஓட்டலாம். அவ்வெடை ஊர்தியின் வெற்று எடை அன்று; மனிதரும் பொருளும் ஏறிய பின் இருக்கத்தக்க உச்ச எடை. வெற்று ஊர்தி 3,000 கிலோ எனக் கொள்க. எஞ்சுவது 500 கிலோ. நால்வர் ஏறினால் ஏறத்தாழ 280 கிலோ. நூறு லிட்டர் தொட்டியில் நீர் நிரப்பினால் 100 கிலோ. எரிவாயு உருளை, அரிசி, பருப்பு, பாத்திரம், பெட்டிகள் என அடுக்கினால் மிச்சமும் தீர்ந்துவிடும். மலையேறும் நாளில் தொட்டியை முழுதும் நிரப்பாமல், மலை கடந்து தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளுதல் அறிவுடைமை.

வரைபடத்தை வாசித்தல்

கைப்பேசியின் வழிகாட்டி காருக்கென அமைந்தது. ஊர்தியின் அளவை அது அறியாது. குறுகிய தொலைவையே நல்வழி எனக் கொண்டு கணவாயின் மேல் ஏற்றிவிடும். உயரம், அகலம், எடை ஆகியவற்றைப் பதிவு செய்யத்தக்க பெரு ஊர்தி வழிகாட்டிக் கருவிகள் தனியே உள்ளன. அவையும் துணையே அன்றி முடிவு கூறுவன அல்ல. மலைநாட்டில் கைப்பேசித் தொடர்பு அறுபடும் இடங்கள் பலவாதலால், காகித வரைபடம் கட்டாயம் வேண்டும்.

பிரித்தானிய அரசின் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:50,000 அளவுள்ள வரைபடங்கள் இதற்கு ஏற்றவை. சாலைக் கோட்டின் மீது ஓர் அம்புத்தலை இருப்பின், அவ்விடத்தின் சரிவு ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரை. இரண்டு அம்புத்தலை இருப்பின் ஐந்துக்கு ஒன்றைக் காட்டிலும் செங்குத்தானது. சமஉயரக் கோடுகள் பத்து மீட்டர் உயர வேறுபாட்டைக் காட்டுகின்றன. கோடுகள் நெருங்கிச் சாலையை வெட்டுமிடம் ஏற்றம் மிகுந்த இடம். இரட்டை அம்புத்தலை உள்ள சாலைகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, எஞ்சிய சாலைகளைக் கொண்டே வழி வகுத்தல் எளிய முறை.

மேற்குக் கரையில் லாக்இன்வர் என்னும் ஊரிலிருந்து கைல்ஸ்கு செல்லும் பி 869 சாலை இவ்வாறு அடிக்கத்தக்க இன்னொன்று. டிரம்பெக் ஊர் வழியாகச் செல்லும் அச்சாலை கண்ணுக்கு விருந்தாகும். ஆயினும் செங்குத்துச் சரிவுகளும் குருட்டு வளைவுகளும் நிறைந்தது. ஏ 837 சாலையில் கிழக்கே சென்று, ஸ்கியாக் பாலத்தருகே ஏ 894 சாலையில் வடக்கே திரும்பினால், அகன்ற வழியில் கைல்ஸ்குவை அடையலாம். அங்கே 1984இல் திறக்கப்பட்ட வளைந்த பாலம் கடற்கழியைக் கடக்கின்றது. ஒரு காட்சியை இழந்தவர்க்கு வேறொரு காட்சி காத்திருக்கின்றது.

நேரக் கணக்கு

சட்டம் அனுமதிக்கும் வேகம் வேறு. சாலை அனுமதிக்கும் வேகம் வேறு. வெற்று எடை 3.05 டன் வரையுள்ள வீட்டு ஊர்திக்குச் சாதாரணச் சாலையில் மணிக்கு 60 மைலும், அதற்கு மேற்பட்டதற்கு 50 மைலும் உச்ச வேகம். ஒற்றைத் தடச் சாலையில் ஒதுங்கி நின்று, வழிவிட்டு, ஆடுகள் கடக்கக் காத்திருந்து செல்லும்போது, 25 மைல் கிட்டினாலே நிறைவு. 516 மைலை 25ஆல் வகுத்தால் இருபது மணி நேரத்திற்கு மேல் ஓட்ட வேண்டும். ஐந்து நாளில் முடிக்க எண்ணினால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கும் மேல் திருகுசக்கரத்தைப் பிடித்திருத்தல் வேண்டும். எட்டு நாள் எனில் இரண்டரை மணி நேரம் போதும். மலைச்சாலையில் அவசரமே பெரும்பகை. அவசரத்தை விலக்கும் வழி நாட்களைக் கூட்டுவது, அல்லது தொலைவைக் குறைப்பது.

ஒவ்வொரு நாளுக்கும் இரவுத் தங்கலை முதலில் உறுதி செய்துவிட்டு, அதன்பின் இடைப்பட்ட சாலையை வகுத்தல் வேண்டும். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், நடந்து செல்வோர்க்கும் கூடாரம் அடிப்போர்க்கும் பரந்த நிலங்களில் தங்கும் உரிமை தருகின்றது. இயந்திர ஊர்திகளுக்கு அவ்வுரிமை இல்லை. சாலையோரத்தில் விரும்பிய இடத்தில் நிறுத்தித் துயிலலாம் என எண்ணிச் செல்லுதல் பிழை. முகாம் திடல்களில் இடம் பதிவு செய்தால் நீரும், மின்னிணைப்பும், கழிவறைத் தொட்டியை முறையாக வெளியேற்றும் வசதியும் கிட்டும். கழிவைச் சாலையோரத்தில் கொட்டுவது அந்நிலத்தில் வாழும் மாந்தர்க்கும் மற்றை உயிர்க்கும் இழைக்கும் கேடாகும்.

இன்வெர்னஸில் ஜூன் திங்களில் பகல் ஏறத்தாழ 18 மணி நேரம் நீளும். டிசம்பரிலோ ஆறரை மணி நேரமே. நீண்ட பகல் கண்டு இரவு வரை ஓட்டலாம் என எண்ணுதல் கூடாது. அந்தியில் மான்கள் சாலையைக் கடக்கும். வேலியற்ற நிலங்களில் ஆடுகளும் குட்டிகளும் சாலையிலேயே படுத்திருக்கும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், ஊர்தியைக் கண்டதும் குட்டி தாயை நோக்கி ஓடிவரும் என்பதை அறிந்து வேகத்தைத் தணித்தல் வேண்டும்.

இறக்கத்தின் கணக்கு

ஏற்றத்தில் இயந்திரம் திணறுவதைக் கண்டு அஞ்சுவோர், இறக்கத்தை எளிதென எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. 3,500 கிலோ ஊர்தி 626 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2.1 கோடி ஜூல். அது முழுவதும் வெப்பமாயின் ஏறத்தாழ 60 லிட்டர் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே இறங்கினால் அவ்வெப்பத்தின் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிரேக் தட்டுகளிலேயே சேரும். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை தாழும். மிகு வெப்பத்தில் எண்ணெயில் நீராவிக் குமிழ் தோன்றினால், மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நில்லாது.

இதற்குரிய மருந்தைத் தமிழ்நாட்டின் மலைப்பேருந்து ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கையாள்கின்றனர். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் இறங்கும் பேருந்தின் இரைச்சலே அதற்குச் சான்று. ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை வேண்டும்போது உறுதியாக மிதித்து, வேகம் தணிந்ததும் விட்டுவிட வேண்டும். தானியங்கிக் கியர் ஊர்தியிலும் தாழ்ந்த கியரைக் கையால் தேரும் வழியைப் புறப்படுமுன் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். கருகிய நாற்றம் வந்தால், அடுத்து வரும் பாதுகாப்பான அகன்ற இடத்தில் நிறுத்தி, ஆறும் வரை காத்திருத்தல் வேண்டும்.

ஒதுங்கிடத்தின் ஒழுக்கம்

பிரித்தானியச் சாலை விதித் தொகுப்பின் 155ஆம் விதி ஒற்றைத் தடச் சாலையைப் பற்றியது. எதிரே வண்டி வந்தாலும், பின்னால் வருபவர் முந்த விரும்பினாலும், இடப்பக்க ஒதுங்கிடத்திற்குள் சென்று நிற்க வேண்டும். ஒதுங்கிடம் வலப்பக்கம் இருப்பின், அதற்கு நேரே சாலையிலேயே நிற்க வேண்டும். எதிரே வருபவர் அதனுள் புகுந்து கடப்பார். இயன்ற போதெல்லாம் மேலேறி வருபவர்க்கு வழிவிட வேண்டும். இந்தியாவிலும் மலைச்சாலை விதி அதுவே. சாலையின் இடப்பக்கம் செல்லும் வழக்கமும் இரு நாட்டிற்கும் பொது. தேவையெனில் பின்னோக்கிச் சென்று வழிவிடவும் அணியமாக இருத்தல் வேண்டும். 156ஆம் விதியின்படி ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவைத்தல் கூடாது. படம் எடுக்கவோ, தேநீர் காய்ச்சவோ அங்கு நிறுத்தும் ஓர் ஊர்தி, அந்தச் சாலையின் மூச்சை அடைத்துவிடுகின்றது.

இவ்விதியிலிருந்து திட்டத்திற்குரிய நான்கு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, பின்னோக்கிச் செலுத்தக் கற்காதவர் ஒற்றைத் தடச் சாலையில் நுழைதல் கூடாது. வாடகைக்கு எடுத்த அன்றே வெற்றுத் திடலில் ஒரு மணி நேரம் பழகுதல் வேண்டும். இரண்டாவது, உறவினர் இரண்டு மூன்று ஊர்திகளில் வந்தால் அணிவகுத்துச் செல்லலாகாது. ஒரு நீண்ட ஊர்தியே ஓர் ஒதுங்கிடத்தை நிரப்பிவிடும். ஆதலின் வெவ்வேறு நேரத்தில் புறப்பட்டு மாலையில் கூடுதல் நன்று. மூன்றாவது, பின்னால் வருபவர் உள்ளூராராக இருக்கலாம். அவர்க்குப் பணியும் பள்ளியும் உண்டு. கண்ணாடியில் ஒரு வண்டி தெரிந்ததும் அடுத்த ஒதுங்கிடத்தில் வழிவிடுதல் வேண்டும். நான்காவது, கடினமான சாலை ஒவ்வொன்றிற்கும் முன்பாகத் திரும்பத்தக்க இறுதி இடத்தை வரைபடத்தில் குறித்தல் வேண்டும். மூடுபனியோ, பெருங்காற்றோ, ஓட்டுநரின் சோர்வோ இருப்பின் அவ்விடத்திலேயே திரும்பிவிடுதல் என முன்னரே குடும்பத்தார் உடன்படுதல் வேண்டும். வளைவின் நடுவில் விவாதம் எழலாகாது. வழி சொல்பவர் ஒருவரே இருத்தல் வேண்டும். ஐவர் ஐந்து குரலில் வழி சொன்னால் ஓட்டுநர் தடுமாறுவார்.

சாலையோர மண் உறுதியானதன்று என்பதும் நினைவில் நிற்க வேண்டும். பசும்புல் போர்த்திருப்பினும் அடியில் சதுப்பு நிலம் இருக்கும். ஒதுங்க எண்ணிச் சக்கரத்தை அதில் இறக்கினால், ஊர்தி புதைந்து, பல மணி நேரம் சாலை அடைபடும்.

நிறைவாக

நல்ல பயணத் திட்டத்தின் சிறப்பு, அதில் இடம்பெற்ற சாலைகளைக் காட்டிலும் அதிலிருந்து விடப்பட்ட சாலைகளில் மிகுதியும் விளங்குகின்றது. கணவாயின் உச்சியைக் கண்டே தீர வேண்டும் என்னும் விருப்பம் தவறன்று. ஊர்தியை முகாம் திடலில் விட்டுவிட்டு, சிறு காரில் சென்று அதனைக் காணலாம். கால் வலியவர் நடந்தும் ஏறலாம். பெரிய ஊர்தியை அவ்வழியில் செலுத்தாதிருத்தலே ஆப்பிள்கிராஸ் மக்களுக்குச் செய்யும் மரியாதை.

அம்மக்கள் வருவோரை வெறுப்பவர் அல்லர். ஒதுங்கி வழிவிட்ட ஓட்டுநர்க்கு ஒரு கையை உயர்த்தி நன்றி சொல்லிச் செல்வது அந்நாட்டு வழக்கம். பத்துக் கிலோமீட்டர் தொலைவிற்குள் அத்தகைய நன்றிகள் இருபது கிடைத்தல் கூடும். வேறு நாட்டிலிருந்து, வேறு மொழி பேசிக்கொண்டு வரும் குடும்பத்திற்கு அதனினும் நல்ல வரவேற்பு ஏது? அவ்வரவேற்பைப் பெறுதற்குரிய முயற்சி, புறப்படும் முன்னரே, வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்துவைத்து, எந்தச் சாலையில் செல்வதில்லை என முடிவு செய்யும் வேளையிலேயே தொடங்குகின்றது.

பயணம் மேற்கொள்வோர் அனைவரும் தமக்கும் பிறர்க்கும் இடையூறின்றிச் சென்று, நலமே மீள்க.